பழைய பிக்கப்பில் ஹீட்டர் ஏன் சூடாவதில்லை?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இன்டர்நேஷனல் ஃபால்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜனவரியில் அங்கே வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கு இறங்குவது புதிதல்ல. அந்தக் குளிரில் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் முன்கண்ணாடியில் பனி படர்ந்து சாலையே தெரியாது.

அதுபோன்ற ஊர்களில் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கும் வண்டிகளில் ஒன்று, 1988 மாடலாக வந்த செவ்ரலே சி/கே பிக்கப். 1995 வரை விற்ற அதன் 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்கேனரை மாட்டினால் அது பதில் சொல்லாது. எல்லா வண்டிகளுக்கும் பொதுவாகக் கோளாறைக் கண்டறியும் ஓபிடி-2 முறை அமெரிக்காவில் கட்டாயமானது 1996 மாடலில்தான்.

இந்த வண்டிக்காரர்கள் மெக்கானிக்கிடம் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சேர்த்தே சொல்வார்கள். ஹீட்டரில் சூடு போதவில்லை. பெட்ரோல் கண்டபடி செலவாகிறது. முதலாவதுக்கு ஹீட்டர் கோரையும் (கேபினுக்குச் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) இரண்டாவதுக்கு கூலண்டின் வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரையும் மாற்றிவிடுவது பலருடைய வழக்கம். பணம் வீணாவது இங்கேதான். இரண்டு குறைக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்: தெர்மோஸ்டாட்.

எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிவைத்திருக்கும் வால்வு அது. இந்த எஞ்சினில் சுமார் 90 டிகிரி செல்சியஸில் திறக்க வேண்டும். திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் எஞ்சின் முழுச் சூட்டை எட்டவே எட்டாது. ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. எஞ்சினின் சூட்டைத்தான் அது கேபினுக்குள் கொண்டுவருகிறது. ஆகவே எஞ்சின் சூடாகாவிட்டால் கேபினும் சூடாகாது. சென்சாரும் ‘எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது’ என்று சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். சென்சார் சொன்னது உண்மை. அதைக் கழற்றி எறிந்து பயனில்லை.

சென்சார் உண்மை சொல்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் எது சென்சார் என்று தெரிய வேண்டும். இந்த எஞ்சினில் இரண்டு உண்டு. தெர்மோஸ்டாட்டுக்கு அருகே இன்டேக் மேனிஃபோல்டில் இரண்டு வயரோடு இருப்பது கணினிக்கு. ஓட்டுநர் பக்க சிலிண்டர் ஹெட்டில் ஒற்றை வயரோடு இருப்பது டாஷ்போர்டு முள்ளுக்கு. முள் சரியாகக் காட்டுகிறது என்பதற்காகக் கணினிக்கும் சரியான தகவல் போகிறது என்று நம்பிவிடக் கூடாது.

கணினிக்கான சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 20 டிகிரியில் ஏறத்தாழ 3,500 ஓம் காட்ட வேண்டும். 100 டிகிரியில் 180 ஓம் அளவுக்கு இறங்க வேண்டும்.

மல்டிமீட்டர் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. டாஷ்போர்டுக்கு அடியில் 12 துளை கொண்ட இணைப்பு ஒன்று இருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, அதில் ஏ, பி என்ற இரு துளைகளையும் சிறு வயரால் இணைத்தால் ‘செக் எஞ்சின்’ விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டு, சற்று இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டு: அது 12. கணினி விழித்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து 15 வந்தால் கூலண்ட் சென்சார் அளவுக்கு மீறிய குளிரையும், 14 வந்தால் அளவுக்கு மீறிய சூட்டையும் காட்டுவதாகப் பொருள். இந்த எண் எந்தச் சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. 15 வருகிற வண்டியில் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, வயர் பக்கத்துப் பிளக்கின் இரு முனைகளையும் வயரால் சேர்த்து, வண்டியைச் சற்று ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எண் 14 ஆக மாறினால் வயரும் கணினியும் நலம், கெட்டது சென்சார்தான். மாறாவிட்டால் வயரைத் துருவுங்கள். முப்பது வருட வண்டியில் பிளக் துருப்பிடித்திருப்பது சகஜம்.

ஹீட்டரைச் சோதிக்கப் பெரும்பாலும் கையே போதும். எஞ்சின் சூடான பிறகு, ஹீட்டருக்குப் போகிற ஹோஸ், திரும்பி வருகிற ஹோஸ் இரண்டையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் கூலண்ட் குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கும் வாய்ப்பு அதிகம். சுத்தமான தண்ணீரை எதிர்த்திசையில் பாய்ச்சி அலசினால் சில சமயம் வழி திறந்துவிடும். இரண்டும் சுட்டும் குளிர்காற்றே வந்தால், உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கதவு அசையவில்லை. ப்ளோயர் அதிக வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் போய்விட்டது. இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம், பயணி பக்கத்து விரிப்பில் ஈரம் மூன்றும் சேர்ந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அப்போதுதான் அதை மாற்ற வேண்டும்.

எதைச் சோதிப்பதற்கும் முன்னால் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்ட் அளவைப் பாருங்கள். சூட்டோடு திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீறிடும். வடித்த கூலண்டைத் திறந்த சட்டியில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தை அழித்துக் கொன்றுவிடும்.