ஒரு வடிவம், இரு மொழிகள்

சொற்களின் ஒலி ஒத்திருப்பின் அவற்றை உறவுச் சொற்கள் எனத் துணிதல் எளிது. அத்துணிபு பெரும்பாலும் பிழைபடுவதும் உண்டு. இதனை ஹங்கேரிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும் ஒருங்கே வழங்கும் 'ஹாட்' என்னும் சொல்லைக் கொண்டு ஆராய்வோம்.

இரு மொழிகளும் உரோமன் எழுத்தில் எழுதப்படுபவை. இரண்டிலும் இச்சொல்லுக்கு எழுத்து மூன்றே; உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடும் உண்டு. ஆயின் அக்கோட்டின் பணி வேறு. ஹங்கேரியில் அது நெடிலைக் குறிக்கும். வியட்நாமியத்தில் ஏறுதொனியைக் குறிக்கும்.

ஹங்கேரியில் 'ஹாட்' என்பது முதுகு. கோட்டை நீக்கிக் குறிலாக்கினால் 'ஹொட்' என ஒலித்து, ஆறு என்னும் எண்ணாகும். அதே ஒலியுடைய வேறொரு வினைச்சொல் 'தாக்கம் விளைவித்தல்' எனப் பொருள்படும். அதிகாரத்தைக் குறிக்கும் 'ஹொட்டொலொம்' அவ்வினையின் வழித்தோன்றல். அவ்வினையே தேய்ந்து, 'இயலும்' என்னும் பொருள் தரும் விகுதியாகவும் ஆயிற்று. 'லாட்' காண்கிறான், 'லாட்ஹொட்' காண இயலும்.

வியட்நாமியத்தில் 'ஹாட்' என்பது பாடுதல். சீனத்திலிருந்து வந்த 'கா' என்னும் சொல்லுடன் இணைந்து 'கா ஹாட்' எனவும் வழங்கும். ஃபூ தோ மாநிலத்து 'ஹாட் ஸ்வான்' பாடல் மரபை யுனெஸ்கோ 2011இல் உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளுள் சேர்த்தது. பின்னர் மரபு மீட்சியுற்றமையால் 2017இல் மானுடகுலப் பிரதிநிதித்துவப் பட்டியலுக்கு மாற்றியது. சாய்கோட்டை நீக்கி உயிரின் கீழ்ப் புள்ளியிட்டால் தொனி தாழ்ந்து, சொல் 'விதை' எனப் பொருள்படும். அரிசிமணி, மழைத்துளி, மணல்துகள் அனைத்திற்கும் இச்சொல்லே முன்னிற்கும்.

முதுகுக்கும் பாட்டுக்கும், ஆறுக்கும் விதைக்கும் உறவில்லை. ஹங்கேரியம் யூரலிக் குடும்பத்தது. வியட்நாமியம் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தது. அவ்வாறாயின் உறவை எவ்வாறு அறிவது? ஃபின்னிய மொழியை நோக்குக. ஆறு என்பதற்கு அங்கு 'கூசி'. மீன் ஹங்கேரியில் 'ஹொல்', ஃபின்னியத்தில் 'கலா'. மூன்று முறையே 'ஹாரொம்', 'கொல்மெ'. ககரம் பின்னுயிரின் முன் ஹகரமாயிற்று. முன்னுயிர் வருமிடத்தில் ககரம் நிலைத்தது: கை என்பது 'கேஸ்', 'கெசி'. ஒலி ஒவ்வாதன போல் தோன்றும் இவையே உண்மை உறவினர். ஏனெனில் மாற்றம் முறைமையுடையது. 1770இல் ஷாய்னோவிச் என்னும் அறிஞர் ஹங்கேரியத்தை லாப்பிய மொழியுடன் ஒப்பிட்டு எழுதிய நூல் இத்தகைய ஆய்வுக்கு முன்னோடியாயிற்று.

இவ்வளவுகோல் நமக்கும் உரியது. தமிழ் முஸ்லிம் இல்லங்களில் தந்தையை 'அத்தா' என்பர். துருக்கியில் தந்தை 'அடா' ஆதலின், அங்கிருந்தே வந்தது எனச் சிலர் கூறக் கேட்கிறோம். ஆயின் 'அத்தன்' தமிழ்ப் பக்திப் பாடல்களில் பயின்று வரும் சொல். தாய் தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உலகெங்கும் ஒத்தொலிப்பதும் இயல்பே. ஒற்றைச் சொல்லின் ஒப்புமை சான்றாகாது. எமது இல்லத்துச் சொல்லை அயலதென்று கொடுத்துவிடுவதும், பிறர் சொல்லை எமதென்று கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

செவி ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்புக் கூறுதல் ஒலிவிதிக்கே உரியது.