பார்டர் புரோட்டா இனி நம்ம வீட்டு அடுப்பில்!



குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, அருவிக் குளியல். இன்னொன்று, செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். ராயகிரியில் இருந்து நாலு பேராகச் சேர்ந்து வண்டி பிடித்துப் போய் வருவார்கள். வீட்டில் இருக்கும் எங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் பொட்டலம் வரும். பிரித்தால் கோழி ஆறிக் கிடக்கும், புரோட்டா இழுத்தால் இழுபடும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. புரோட்டா கல்லில் இருந்து எடுத்த அஞ்சு நிமிஷத்தில் சாப்பிட வேண்டிய பண்டம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த அஞ்சு நிமிஷ ருசி ஆண்களுக்கு மட்டும்தான் என்று ஆகிப்போனது. என் மாமியாருக்கு 68 வயது. பார்டர் புரோட்டாவை ஒருநாள்கூட சூடாகச் சாப்பிட்டது கிடையாது.

வெளியூர் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 'பார்டர்' என்ற பேர் சும்மா வரவில்லை. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரோடு இருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை எல்லை பிரானூரில். எல்லை போய் இத்தனை வருஷம் ஆகியும் பேர் போகவில்லை. அங்குள்ள ரஹ்மத் கடையைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். புரோட்டா சின்னதாக, மெத்தென்று இருக்கும். கோழியில் மிளகு வாசம் தூக்கலாக இருக்கும். பக்கத்திலேயே மிளகு விளையும் மலை இருக்கிறதே!

போன வருஷம் தென்காசியில் ஒரு புத்தகக் கடையில் ஓட்டல் பதார்த்தங்கள் செய்முறை புத்தகம் ஒன்று வாங்கினேன். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டு மதினி, "புத்தகத்தைப் பார்த்தா சமைக்கே?" என்று சிரித்தாள். இதில் என்ன கேவலம் இருக்கிறது? மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதி வெளியிட்டது 1951-ல். சொல்லிக் கொடுக்கப் பெரியவர்கள் இல்லாத வீட்டில், அதைப் பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். கல்யாணச் சீரோடு அந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்புகிற வழக்கம் உண்டே. அம்மா சொன்னால் என்ன, புத்தகம் சொன்னால் என்ன, கற்றுக்கொள்வது கற்றுக்கொள்வதுதான்.

ஆனால் ஒன்று. புத்தகம் அளவைச் சொல்லும், கைப்பக்குவத்தைச் சொல்லாது. 'மாவைப் பிசைந்து ஊற வைக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எவ்வளவு நேரம்? எதற்காக? எங்கள் தெருவில் முன்பு புரோட்டா மாஸ்டராக இருந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "வீசி அடிக்கிறதுல ஒண்ணும் இல்ல தாயி. மாவு ஊறணும். ஊறாத மாவு ரப்பர் மாதிரி சுருங்கும். ஊறின மாவு நீ சொன்னபடி கேக்கும்" என்றார். மைதாவைப் பிசையப் பிசைய அதில் இருக்கிற பசை இறுகும். ஊற விட்டால்தான் அது தளர்ந்து கொடுக்கும். கடை ரகசியம் மசாலாவில் இருக்கிறது என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பாதி ரகசியம் பொறுமையில் இருக்கிறது.

நான் செய்யும் முறை இதுதான்.

புரோட்டா: மைதா அரை கிலோ, உப்பு ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், எண்ணெய் 2 மேசைக்கரண்டி. தண்ணீர் 275 முதல் 300 மி.லி. வரை, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 15 நிமிஷம் நன்றாக அடித்துப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவை விடத் தளர்வாக இருக்கட்டும். ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக்கி, மேலே எண்ணெய் தடவி இன்னும் ஒரு மணி நேரம். வீசத் தெரியாவிட்டால் பரவாயில்லை. எண்ணெய் தடவிய மேடையில் உருண்டையை வைத்து, நாலு பக்கமும் விரலால் இழுத்தால் துணி மாதிரி விரியும். கொசுவம் மாதிரி மடித்து, சுருட்டி வைத்து, 10 நிமிஷம் கழித்துக் கையால் தட்டிக் கல்லில் போடுங்கள். சுட்டு எடுத்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு பக்கமும் இருந்து கையால் அடித்தால் அடுக்கடுக்காகப் பிரியும். சின்ன அளவில் 18, 20 வரும்.

கோழி: நாட்டுக்கோழி 1 கிலோ. மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது சேர்த்து குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைத் தனியே வடித்து வையுங்கள். மிளகு 2 மேசைக்கரண்டி, சீரகம், சோம்பு தலா 1 டீஸ்பூன் லேசாக வறுத்துக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை, 200 கிராம் சின்ன வெங்காயம் போட்டு வதக்கி, கோழியைப் போட்டுச் சுருளக் கிளறுங்கள். மிளகுப் பொடியைக் கடைசியில் தூவி இரண்டே நிமிஷத்தில் இறக்கிவிட வேண்டும். முதலிலேயே போட்டால் காரம் இருக்கும், வாசம் போய்விடும்.

சால்னா: வடித்து வைத்த கோழித் தண்ணீரை கீழே கொட்டிவிடாதீர்கள். சால்னாவுக்கு உயிரே அதில்தான். வெங்காயம், தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டு, அந்தத் தண்ணீரை விடுங்கள். அரை மூடித் தேங்காயும் சோம்பும் கசகசாவும் பொட்டுக்கடலையும் அரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கட்டும். கெட்டியாக இருந்தால் அது குழம்பு. சால்னா தண்ணியாகத்தான் இருக்க வேண்டும்.

கடைச் சாப்பாட்டைப் புத்தகம் பார்த்து வீட்டில் செய்கிற ஆசை நமக்கு மட்டும் இல்லை. என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். அங்கே 'டெக்ஸ்-மெக்ஸ்' என்று ஒரு சமையல். மெக்சிகோ பக்குவமும் டெக்சாஸ் பக்குவமும் கலந்தது. அதுவும் ஒரு பார்டர் சாப்பாடுதான்! 100 வருஷத்துக்கு முன்னாலேயே சான் அன்டோனியோ நகரத்து சந்தைத் திடல்களில் மெக்சிகோ பெண்கள் ராத்திரியில் அடுப்பு மூட்டி, மிளகாய் போட்ட கறிக்குழம்பு விற்றிருக்கிறார்கள். 1890-களில் கெப்ஹார்ட் என்பவர் அந்த மிளகாய் மசாலாவைப் பொடியாக்கி விற்க ஆரம்பித்தார். பிறகு அந்தக் கம்பெனி சமையல் புத்தகமே போட்டது. வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். நம் வீட்டு மிளகாயும் அந்த மெக்சிகோ பக்கத்தில் இருந்து கப்பலேறி வந்ததுதான். அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகுதானே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இத்தனையும் செய்ய முழுசாக மூன்று மணி நேரம் ஆகும். வீட்டிலும் ஒருத்தியே பிசைந்து, தேய்த்து, சுட்டு, பரிமாறினால் கடைசியில் அவளுக்கு ஆறிப்போன புரோட்டாதான் மிஞ்சும். பொட்டலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதனால் முதல் நாளே எங்க வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "மாவு பிசையறது உங்க வேலை. கல்லுல நிக்கிறது நீங்களும் பெரியவனும் மாத்தி மாத்தி. அப்பன்னா செய்றேன்" என்று. கடையில் புரோட்டா மாஸ்டர் ஆம்பிளைதானே, வீட்டில் மட்டும் என்ன கூச்சம் என்று கேட்டதும் மறுபேச்சு இல்லை. முதல் ஈடு புரோட்டா என் மாமியார் இலைக்கு. அத்தை ஒரு வாய் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்காடி இவனுவ இத்தனை வருசமா ஓடுனானுவ?" என்றார். நான் அடுத்து உட்கார்ந்தேன். அவர் சுட்டுப் போட, நாங்கள் இரண்டு பேரும் சூடாகச் சாப்பிட்டோம்.

மைதா அடிக்கடி வேண்டாம் சகோதரிகளே. மாதம் ஒருமுறை போதும். பாதி கோதுமை மாவு கலந்தும் செய்யலாம், அடுக்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கல் பக்கத்தில் யார் நிற்பது என்பதை மட்டும் மாவு பிசையும் முன்னாலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

- ஒரு வாசகி, ராயகிரி.