அச்சிட்டால் என்ன வரும்?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், தம்பி. ஜாவாவில் ‘ஆர்டர்’ என்று ஒரு கிளாஸ் எழுதி, அதன் ஆப்ஜெக்டை அப்படியே பிரிண்ட் செய்தாய். ‘ஆர்டர்@27716894’ என்று வந்தது. பிழை எதுவும் இல்லை. மெமரி முகவரி அது என்று பலர் சொல்வார்கள், நம்பாதே. கிளாஸின் பெயர், ஒரு @ குறி, பிறகு ஆப்ஜெக்டின் ஹேஷ்கோடு, ஹெக்ஸ் வடிவில். எல்லா கிளாஸுக்கும் மூதாதையான ஆப்ஜெக்ட் கிளாஸில் டுஸ்ட்ரிங் என்றொரு மெத்தட் இருக்கிறது. நீ எதுவும் எழுதாவிட்டால் அது தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. ஆர்டரில் எண் முக்கியமா, தொகை முக்கியமா என்று அதற்கு எப்படித் தெரியும்? நீதான் ஓவர்ரைடு செய்ய வேண்டும்.

எழுதுமுன் யோசி: படிக்கப்போவது யார்? பைத்தானில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஸ்ட்ர் பயனருக்கு, ரெப்ர் புரோகிராமருக்கு. ஒரு தேதியை ஸ்ட்ர் 2024-01-15 என்று காட்டும். ரெப்ர், அந்தத் தேதியை மறுபடி உருவாக்கும் கோடாகவே காட்டும். அதே தேதியை லிஸ்ட்டுக்குள் போட்டு பிரிண்ட் செய்தால் ரெப்ர்தான் வரும். புதியவர்கள் இங்கே திகைப்பார்கள். ஆனால் 5 என்ற எண்ணும் '5' என்ற ஸ்ட்ரிங்கும் லிஸ்ட்டுக்குள் வேறுவேறாகத் தெரிய வேண்டாமா? ஒன்றை மட்டும் எழுத நேரமிருந்தால் ரெப்ர் எழுது. ஸ்ட்ர் இல்லாத இடத்தில் அதுவே வந்து நிற்கும்.

ஜாவாவில் இருப்பது ஒன்றே. அதை லாக் படிப்பவருக்கென்றே ஒதுக்கிவிடு என்பேன். டிபக்கர் காட்டுவதும், ஸ்ட்ரிங்கோடு + போட்டு ஒட்டினால் வருவதும் அதுதான். பில்லில் அச்சாகும் வாசகத்துக்குத் தனி மெத்தட் வை. டுஸ்ட்ரிங் தருவதை வெட்டித் தகவல் எடுக்கிறவர்களும் உண்டு. அழகுக்காக நீ ஒரு கமாவை நகர்த்தினால் அவர்கள் புரோகிராம் படுத்துவிடும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஜாக்கிரதை. ஜாவா 16-இல் நிலையான அம்சமாக வந்த ரெக்கார்டு, டுஸ்ட்ரிங்கைத் தானே எழுதித் தரும். சௌகரியம்தான், ஆனால் எல்லா ஃபீல்டையும் கொட்டிவிடும். பாஸ்வேர்டு இருந்தால் அதுவும் லாக்கில் போய் உட்காரும்.

இன்னொரு வம்பு: ஆர்டர் தன் வாடிக்கையாளரை அச்சிட, அவர் தன் ஆர்டர்களை அச்சிட, அவை மறுபடி அவரை அச்சிட, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில்தான் போய் நிற்கும். ஆர்டருக்குள் வாடிக்கையாளரின் எண்ணை மட்டும் அச்சிடு, போதும்.