சாம்பார் போதவில்லை என்று சொல்லும் சென்சார்

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக நண்பர்களோடு கார் கட்டும் ஒரு பொறியியல் மாணவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் காரில் 373 சிசி பைக் என்ஜின். ஐடிலிங்கில் சாதுவாக ஓடுகிறது. முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 7,000 ஆர்பிஎம் பக்கம் திக்குகிறது. ஆக்சிஜன் சென்சார் 'லீன்' என்கிறது. பெட்ரோலைக் கூட்டினோம், திக்கல் அதிகமாகி, சென்சார் இன்னும் லீன் என்கிறது! பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் சாய்த்து செல்ஃப் அடித்தோம். நீலப் பொறி பளிச்சென்று வருகிறது. பம்பு, இன்ஜெக்டர் இரண்டையும் புதிதாக மாற்றியும் பயனில்லை. ஏன்?"

முதலில், அந்த பம்பையும் இன்ஜெக்டரையும் விற்ற கடைக்காரருக்கு வாழ்த்துகள்.

இந்தப் போட்டியில் என்ஜின் 710 சிசியைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் கார் என்றால், உள்ளே போகும் காற்று அத்தனையும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போகவேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஓட்டம் இது. கிடைக்கிற காற்றை வீணாக்கக் கூடாது என்பதால் எல்லா அணிகளும் ஆக்சிஜன் சென்சாரின் எண்ணைத் தெய்வவாக்காக எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 'லீன்' என்றால் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆனால் அந்த சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் சோறு, பெட்ரோல்தான் சாம்பார். 14.7 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் என்றால் இரண்டும் மிச்சமின்றித் தீரும். பந்தயக்காரர்கள் சாம்பாரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார்கள், 12.5 அல்லது 13 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ. ஒரு பருக்கைகூட நனையாமல் போகக் கூடாது என்பது கணக்கு.

சென்சார், பந்தி முடிந்தபின் எச்சில் இலைகளை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர். அவர் கண்ணுக்குச் சோறு மட்டும்தான் தெரியும். இலையில் சோறு மிஞ்சியிருந்தால், "சாம்பார் போதவில்லை" என்பார். சாப்பிட்டவரை அவர் பார்த்ததே இல்லை.

அவர் பார்க்கும் விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. சென்சாரின் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான். சாதாரண வெப்பத்தில் அது வெறும் பீங்கான்தான். 300 டிகிரியைத் தாண்டிச் சூடானால், ஆக்சிஜன் அயனிகள் மட்டும் அதை ஊடுருவிப் போகும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. ஆக்சிஜன் நிறைந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகத் துடிக்கும். அந்தத் துடிப்பே மின்னழுத்தம். புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட், மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், இரண்டு காற்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து நியாயம் சொல்கிறது ஒரு பீங்கான் துண்டு. நீங்கள் வைத்திருக்கும் 'வைட்பேண்ட்' வகையில் கூடுதலாக ஒரு சின்ன அறையும், அதற்குள் ஆக்சிஜனை இறைக்கவும் வெளியேற்றவும் ஓர் ஏற்பாடும் உண்டு. எவ்வளவு இறைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து திரையில் ஓர் எண் வருகிறது. அந்த எண் பெட்ரோலை அளந்து வந்ததல்ல. மிச்சத்தை வைத்துக் கணித்தது.

இப்போது உங்கள் என்ஜினுக்கு வருவோம். ஒரு சுற்றில் பொறி தட்டவில்லை, 'மிஸ்ஸிங்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது விருந்தாளி இலையில் கையே வைக்கவில்லை. சோறு, சாம்பார் இரண்டும் அப்படியே கிடக்கின்றன. பெரியவர் சோற்றைப் பார்க்கிறார்: "அடடா, சாம்பார் போதவில்லை, இன்னும் ஊற்றுங்கள்!"

அவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. சென்சாரின் மேல் பிளாட்டினம் பூச்சு இருக்கிறது. மிஞ்சிய பெட்ரோலையும் ஆக்சிஜனையும் அது அங்கேயே எரித்துவிடப் பார்க்கும். மிஞ்சிய சோற்றை மிஞ்சிய சாம்பாரில் தானே பிசைந்து பார்த்து, அதற்கப்புறமும் எஞ்சுவதைத்தான் பெரியவர் கணக்கில் எடுப்பார். ஒன்றிரண்டு கைப்பிடி என்றால் பிசையலாம். முழு இலைகளாக வந்து குவிந்தால் அவரும்தான் என்ன செய்வார்? பெட்ரோலைக் கூட்டக் கூட்டப் பிளக் நனையும், மிஸ்ஸிங் கூடும், மிச்சச் சோறும் கூடும். நீங்கள் கண்ட விந்தை இதுதான்.

  

பொறிதான் நன்றாக வருகிறதே என்பீர்கள். வெளியே வருகிறது. முழு ஆக்சிலேட்டரில் சிலிண்டருக்குள் காற்று பல மடங்கு நெருக்கமாக அமுங்கியிருக்கும். காற்று நெருங்க நெருங்க, அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். காலிச் சந்தில் ஓடிக் காட்டியவன் தேர்த்திருவிழாக் கூட்டத்திலும் ஓடுவான் என்று நம்பியதுபோல்தான் உங்கள் நீலப் பொறிச் சோதனை. ஐடிலிங்கில் உள்ளே வரும் காற்றே கொஞ்சம் என்பதால், பொறிக்கு வோல்ட் தரும் காயில் இளைத்திருந்தாலும் அங்கே சமாளித்துவிடும். வேகம் ஏற ஏறக் காயிலுக்கு மின்சாரம் நிரப்பிக்கொள்ளும் நேரமும் குறைகிறது.

சைலன்சர் பைப்பில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து பொய்யான லீன் காட்டும். பக்கத்து இலைக்காரர் தன் சோற்றை இங்கே தள்ளிவிடுவது அது. ஆனால் அது பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான் தொல்லை தரும்.

இப்போது செய்யவேண்டியது: பெட்ரோல் அளவைப் பழையபடி வையுங்கள். பதிவான வரைபடத்தை விரித்துப் பாருங்கள். லீன் கோடு நிதானமாக ஏறினால் பெட்ரோல் உண்மையிலேயே குறைகிறது. ரம்பப் பல்போலக் குத்திக் குத்தி ஏறி, ஆர்பிஎம் கோடும் கூடவே நடுங்கினால் மிஸ்ஸிங். பிறகு பிளக் இடைவெளியை 0.2 மில்லிமீட்டர் குறைத்து ஓட்டுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். திக்கல் மறைந்தாலோ இன்னும் மேல் வேகத்துக்குத் தள்ளிப்போனாலோ, பெரும்பாலும் காயிலோ அதன் வயரோதான் குற்றவாளி. இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. செல்போனில் மாட்டினால் கோளாறைச் 'சொல்லிவிடும்' என்று விளம்பரம் வரும் கருவிகளும் 'லீன்' என்பதை இதே பெரியவரிடம் கேட்டுத்தான் சொல்கின்றன.

பம்பையும் இன்ஜெக்டரையும் அந்தக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.