ஹால்ல ஒரு ஷூட்டிங் ரேஞ்ச்: பெல்லட் இல்லாத பயிற்சி

"ரேஞ்சுக்கு வாரத்துல ஒரு நாள்தான் போக முடியுது. மீதி ஆறு நாளும் வீட்ல என்ன பண்றது?" ஷூட்டிங் கத்துக்க ஆரம்பிச்ச பல பேருக்கு இருக்கிற கேள்வி இது. இன்னிக்கு இதைப் பத்திப் பேசலாம்.

முதல்ல சட்டம். அமெரிக்காவுல காலித் தோட்டாவை வீட்டு மேசையிலேயே மறுபடி நிரப்புறது பல பேருக்குப் பொழுதுபோக்கு. அந்த வீடியோக்கள் நமக்கும் யூடியூப்ல வரும். பார்க்கிறதோட நிறுத்திக்கோங்க. இந்தியாவுல தோட்டா தயாரிக்க, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் வேணும். நாம பேசப்போறது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல போகலைன்னா, 2016 ஆயுத விதிகள்படி அதுக்கு உரிமம் தேவையில்லை.

அரை மில்லிமீட்டர் கணக்கு

இந்த டார்கெட்ல பத்து பாயின்ட் புள்ளியோட விட்டம் 0.5 மில்லிமீட்டர். ஜெல் பேனா முனை அளவுதான். சைட் ரெண்டுக்கும் நடுவுல 80 சென்டிமீட்டர் இருக்குன்னு வைங்க. முன் சைட் அரை மில்லிமீட்டர் நகர்ந்தா, 10 மீட்டர் தள்ளி குண்டு 6 மில்லிமீட்டர் விலகிடும். அதாவது ரெண்டு வளையம் போச்சு. அதனால ஷூட்டிங்ல பெரிய வேலையே அசையாம நிக்கிறதும், துப்பாக்கியை அசைக்காம ட்ரிகரை அழுத்துறதும்தான். இது ரெண்டுக்கும் பெல்லட் வேண்டாம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்தது. நமக்கு இருக்கிறது ஹால். அது போதும்.

மூணு பயிற்சி

ஒண்ணு, வெள்ளைச் சுவர். டார்கெட்டே ஒட்டாம வெறும் சுவரைக் குறிவெச்சு ட்ரிகரை அழுத்துங்க. குறி பார்க்கிற பதட்டம் இல்லாததால, விரல் துப்பாக்கியை இழுக்குதான்னு சைட்லயே தெரிஞ்சிடும்.

ரெண்டு, கண்ணை மூடித் திறக்கிறது. டார்கெட்டைக் குறிவெச்சு, கண்ணை மூடி ரெண்டு மூச்சு விட்டுத் திறங்க. குறி விலகியிருந்தா கையால தள்ளாதீங்க, காலை மாத்தி நில்லுங்க. கையால தள்ளினா, தசை தளர்ந்ததும் குறி பழைய இடத்துக்கே போயிடும்.

மூணு, அழுத்தின பிறகும் ரெண்டு செகண்ட் அப்படியே நிக்கிறது. அந்த நொடியில குறி எங்க இருந்துச்சுன்னு நோட்டுல எழுதுங்க.

ஹால் 10 மீட்டர் இல்லையா? 5 மீட்டர்ல நின்னு டார்கெட்டைப் பாதி அளவுக்குப் பிரின்ட் எடுங்க. 30.5 மில்லிமீட்டர் கருவட்டம் 15.25 ஆகும். ரேஞ்சுல டார்கெட் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். உங்க கண் 1.5 மீட்டர் உயரத்துல இருந்தா, வீட்ல 1.45-ல ஒட்டுங்க. அப்பத்தான் ரேஞ்சுல நிக்கிற அதே கோணம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. குழலை மடக்கி லோடு பண்ற ஸ்பிரிங் துப்பாக்கியைக் காலியா சுடாதீங்க. பெல்லட் தடுக்காததால பிஸ்டன் வேகமா மோதி சீல் கெட்டுப்போகும். போட்டிக்கான ரைஃபிள்கள்ல காலியா அழுத்துறதுக்குன்னே தனி வசதி இருக்கும்.

பெல்லட் போட்டே ஆகணும்னா

வெறும் பலகைக்குப் பின்னாடி சுவர்னு சுடாதீங்க, பெல்லட் திரும்பி வரும். பெட்டிக்குள்ள இரும்புத் தகடு கீழ்நோக்கிச் சாய்ஞ்சிருக்கணும், சிதறல் உள்ளேயே விழணும். கண்ணாடி போடுங்க. பின்னாடி கதவோ ஜன்னலோ இருக்கக்கூடாது. யாராவது திடீர்னு உள்ள வர வாய்ப்பிருக்கிற அறையும் வேண்டாம். பெல்லட் ஈயம், சமையலறையில வேண்டாம், முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க, தூசியை ஈரத்துணியால துடைங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா துப்பாக்கியும் பெல்லட்டும் பூட்டுக்குள்ள.

காலித் துப்பாக்கின்னாலும் பயிற்சிக்கு முன்னாடி குழலைத் திறந்து பார்த்துடுங்க. பெல்லட் டப்பா அடுத்த அறையில இருக்கட்டும். ஜன்னல் திரையையும் இழுத்து விடுங்க. எதிர் ஃபிளாட்காரருக்கு இது விளையாட்டுன்னு தெரியாது, துப்பாக்கின்னு மட்டும்தான் தெரியும்.

இந்த வாரம் தினமும் இருபது நிமிஷம், சுவரும் நோட்டும் மட்டும். அடுத்த தடவை ரேஞ்சுக்குப் போறப்போ முதல் பத்து ஷாட்டை அந்த நோட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.