சேலைக்குப் பெயர் உண்டு, நெய்தவருக்கு?

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இழைக்குச் சான்று முத்திரை உண்டு. பெட்டியின் மேல் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் உண்டு. நெய்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. கோர்வைச் சேலையில் உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் இருப்பவரோடு பக்கத்தில் இன்னொருவரும் கைகொடுக்க வேண்டும். அவ்வளவு உழைப்பையும் பெயரில்லாமல் வாங்கிக்கொள்வது, கூலியைக் குறைத்துக் கொடுப்பதற்கு ஒப்பான குறைதான்.

இந்த ஊரின் நெசவாளர்கள் மதிப்பைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே அனுபவித்தவர்கள். ஊரகம் பெருமாள் கோயிலின் நிர்வாகப் பொறுப்பு நகரத்து நெசவாளர்களிடம் இருந்ததை உத்தம சோழன் காலச் செப்பேடு சொல்கிறது. தண்டிகையில் செல்லவும் சங்கு ஊதவும் நெசவுச் சமூகத்தவரான காஞ்சிக் கைக்கோளருக்கு இருந்த உரிமை, 15ஆம் நூற்றாண்டில் வேறு பகுதிக் கைக்கோளருக்கும் வழங்கப்பட்டது. சங்கு ஊதுவதால் தறியில் ஒரு முழம்கூட அதிகமாகாது. ஆனாலும் அதைக் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்குப் பெரிதாக மதித்தார்கள்.

‘வயிறு நிறையாதவனுக்குப் பெயர் எதற்கு?’ என்பது நியாயமான கேள்வி. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் கூலி மட்டுமே மனிதரை வேலையில் நிறுத்துவதில்லை. நடத்தைப் பொருளியலாளர் டான் ஏரியலியும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனையில் மூன்று குழுக்களுக்கும் ஒரே கூலி விகிதம். ஒரு குழுவினர் வேலை முடித்த தாளில் தங்கள் பெயரை எழுதினார்கள். மேற்பார்வையாளர் அதைப் பார்த்து வாங்கிவைத்தார். இன்னொரு குழுவின் தாள்கள் பார்க்கப்படாமலே ஓரம்கட்டப்பட்டன. மூன்றாவது குழுவின் தாள்கள் கண்ணெதிரே கிழிபட்டன. முதல் குழுவே அதிகம் உழைத்தது. ஓரம்கட்டப்பட்டவர்களோ ஏறக்குறைய கிழிபட்டவர்களைப் போலவே சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். மாணவர்களிடம் நடந்த சிறு சோதனைதான். ஆனால் கண்டுகொள்ளாமையின் விலையை அது காட்டுகிறது.

‘விருதுகள் இருக்கின்றனவே’ என்பார்கள். கைத்தறி நெசவாளர்களுக்கான சந்த் கபீர் விருது உண்டு. அது கிடைப்பதோ சிலருக்கு. சாயம் தோய்ப்பவர், பாவு ஓட்டுபவர், நெய்பவர் எனப் பல கை படும் சேலையில் யார் பெயரைப் போடுவது என்றும் கேட்கலாம். சினிமாவில் எல்லார் பெயரும் ஓடவில்லையா? சேலைக் கணக்கில் கூலி கொடுப்பவருக்கு, எதை யார் நெய்தார் என்பது தெரியும். கூட்டுறவுச் சங்கங்களே முதலில் அந்தப் பெயர்களை, நெய்தவர்களின் சம்மதத்தோடு, விலைச்சீட்டில் அச்சிடலாம். பெயர் தெரியாத கையை மாற்றுவது எளிது. பெயர் தெரிந்த நெசவாளரை வாங்குபவர் தேடி வருவார். கூலி பேசவும் நெசவாளருக்கு இடம் கிடைக்கும்.