யானையின் பெயரில் ஒரு ஜின்: பணம் எங்கே போகிறது?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குக் கிழக்கே உள்ள ஒரு வடிசாலையில் தயாராகிறது ‘எலிஃபன்ட் ஜின்’. ஒவ்வொரு பாட்டிலின் லேபிளிலும் ஒரு யானையின் பெயரைக் கையால் எழுதுகிறார்கள். 2013-இல் தொடங்கிய இந்த நிறுவனம், லாபத்தில் 15 சதவீதத்தை ஆப்பிரிக்க யானைகளின் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக அறிவித்திருக்கிறது. மதுவை விற்று வனத்தைக் காப்பதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஜின் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பது புரியும்.

தானியத்திலிருந்து வடித்த மணமற்ற சாராயத்தில் ஜூனிப்பர் காய், மல்லிவிதை, எலுமிச்சைத் தோல் போன்றவற்றை ஊறவைத்து, செம்பு வாலையில் இட்டு மறுபடி வடிப்பார்கள். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுப்பார்கள். ஸ்காட்லாந்து விஸ்கி மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடக்க வேண்டும். ஜின்னுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. குறைந்த முதலீட்டில் சிறிய வடிசாலைகள் பெருகியதற்கு இது முக்கியக் காரணம். போட்டி பெருகியதும், தனித்துத் தெரிவதற்காக ஒவ்வொருவரும் புதிய செடிகொடிகளைத் தேடிப் போனார்கள்; சிலர் அந்தச் செடிகள் வளரும் வனத்தின் பாதுகாப்பையும் கையிலெடுத்தார்கள்.

எலிஃபன்ட் ஜின்னில் 14 பொருட்கள் சேர்கின்றன. அவற்றுள் பல ஆப்பிரிக்காவிலிருந்து வருபவை: பாவோபாப் பழம் (மன்னாரிலும் ராமநாதபுரம் பக்கத்திலும் நிற்கும் பெருக்கமரம்தான் இது), தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் விளையும் புக்கு இலை, கலஹாரி மணல்வெளியின் டெவில்ஸ் கிளா கிழங்கு. இந்தக் கிழங்கைத் தோண்டுபவர்கள் தாய்வேரை விட்டுவிட்டுப் பக்கக் கிழங்குகளை மட்டும் எடுத்தால்தான் செடி மறுபடி தழைக்கும். யானையைக் காக்கப் புறப்பட்டவர்களுக்கு இந்தச் செடியின் மேலும் கவனம் இருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் லெஸ், பவுலா ஆன்ஸ்லி தம்பதி இன்னும் துணிச்சலாக ஒன்றைச் செய்தார்கள். யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அது தேர்ந்து தின்ற பழம், பூ, பட்டை எல்லாம் லத்தியில் மிஞ்சிக் கிடக்கின்றன. லத்தியைக் காயவைத்து, உதிர்த்து, மண் போகக் கழுவி, கிருமிநீக்கம் செய்து, மிஞ்சும் தாவரத் துணுக்குகளைக் கொண்டு ‘இன்ட்லோவு’ ஜின்னுக்கு மணமேற்றுகிறார்கள். பருவத்துக்குப் பருவம் யானையின் தீனி மாறுவதால் ஜின்னின் மணமும் மாறும். யானை அலைந்து திரியக் காடு இருந்தால்தான் இந்தத் தொழிலே நடக்கும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, பணம் போய்ச் சேருமிடம்? எலிஃபன்ட் ஜின் துணைநிற்கும் அமைப்புகளில் ஒன்று ‘பிக் லைஃப்’. புகைப்படக் கலைஞர் நிக் பிராண்ட், தாம் படமெடுத்த யானைகளே தந்தத்துக்காகக் கொல்லப்பட்டதைக் கண்டு, வனப் பாதுகாவலர் ரிச்சர்ட் போன்ஹாமுடன் சேர்ந்து 2010-இல் தொடங்கிய அமைப்பு இது. கென்யாவின் அம்போசெலி வட்டாரத்தில் மாசாய் ஊர்க்காரர்களையே காவலர்களாக அமர்த்திச் சம்பளம் தருகிறது. ஊருக்குள் ஒரு வீட்டில் மாதச் சம்பளம் வந்தால், அந்த ஊரே வேட்டைக்காரனைக் காட்டிக்கொடுக்கத் துணியும். ‘ஸ்பேஸ் ஃபார் ஜயன்ட்ஸ்’ என்ற மற்றோர் அமைப்பு அதே நாட்டின் லைகிபியாவில் மின்வேலி அமைத்து, சோளக்கொல்லையை யானையிடமிருந்தும் யானையை விவசாயியின் கோபத்திலிருந்தும் காக்க உழைத்தது.

இந்த உதவியின் அவசரத்தை எண்கள் சொல்கின்றன. 2016-இல் வெளியான பெரும் கணக்கெடுப்பு, 18 நாடுகளில் 3,52,271 புல்வெளி யானைகளே எஞ்சியிருப்பதாகவும், 2007 முதல் 2014 வரை மட்டும் 30 சதவீதம் குறைந்துவிட்டதாகவும் காட்டியது. 2021-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) ஆப்பிரிக்கக் காட்டு யானையை மிக மோசமான அழிநிலையில் உள்ள இனமாக அறிவித்தது.

ஆனாலும் ‘லாபத்தில் 15 சதவீதம்’ என்பதை விலையில் 15 சதவீதம் என்று படித்துவிடக் கூடாது. வரி, கண்ணாடி, போக்குவரத்து, கடைக்காரர் பங்கு எல்லாம் கழிந்த பிறகு நிற்பதுதான் லாபம். நட்டமான ஆண்டில் அந்தப் பங்கு பூஜ்யம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ‘சில்வர்பேக்’ ஜின் தயாரிப்பவர்கள், பாட்டிலுக்கு 1 பவுண்டு கொரில்லா பாதுகாப்புக்கு என்று நிர்ணயித்தார்கள். வாங்குபவர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்பதால் இந்த முறையே மேல் என்பது என் கருத்து. எந்த முறையானாலும், கொடுத்த தொகையையும் பெற்ற அமைப்பின் பெயரையும் ஆண்டுதோறும் வெளியிடாத நிறுவனத்தின் லேபிளில் யானை இருப்பது வெறும் விளம்பரம்.

எனவே ஜின்னோ காபியோ சாக்லேட்டோ, விலங்கின் படம் போட்ட எதை வாங்கினாலும், சென்ற ஆண்டு யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். மது தொடாதவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை; பிக் லைஃப் போன்ற அமைப்புகள் நன்கொடையை நேரடியாகவே பெற்றுக்கொள்கின்றன.